நாலு கிண்ணக் கடல்

இதை எனக்கு முதலில் சொன்னது என் இளைய நாத்தனார் சலேத்து. பெருவெள்ளம் வந்ததற்கு அடுத்த ஆடியில், மாதா திருவிழாவின் நாலாம் நவநாள் அன்று, பூசை முடிந்து பந்தலுக்குக் கீழே காற்று வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது சொன்னாள். அவள் வீட்டுக்கு மூன்று வீடு தள்ளி நடந்தது. சலேத்து பொய் சொல்லமாட்டாள். அப்படியே வாய் தவறிச் சொல்லிவிட்டாலும் வருகிற சனிக்கிழமையே சாமியாரிடம் போய்ப் பாவசங்கீர்த்தனம் பண்ணிவிடுவாள். அதனால் நானும் நம்பித்தான் சொல்லுகிறேன்.

தூத்துக்குடியில் பழைய துறைமுகத்துக்குப் பின்னால், உப்புக் குடோன்கள் முடிகிற இடத்தில் ஒரு சந்து இருக்கிறது. அந்தச் சந்தில் கிளமென்சி என்று ஒருத்தி. நாற்பத்தேழு வயது. கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் ஏழு வாடகை வீடு மாறினவள். ஒவ்வொரு வீடு மாறும்போதும் ஒன்று உடையும், ஒன்று புது வீட்டு வாசலுக்குள் நுழையாமல் யாருக்காவது போய்விடும், ஒன்றை வண்டிக்காரனே மறந்த மாதிரி கொண்டுபோய்விடுவான். இப்படிப் போய்ப்போய், கடைசியில் கர்த்தர் கண் திறந்து, அவள் புருஷன் லாசரின் துறைமுகச் சேமிப்பில் இரண்டு அறை உள்ள சொந்த வீடு ஒன்று அமைந்தபோது, உள்ளே கொண்டுபோய் வைக்க அவளிடம் மிஞ்சியது நாலு பிளாஸ்டிக் நாற்காலியும் ஒரு இரும்புக் கட்டிலும்தான்.

"இந்தாருங்க, இந்த வீட்டுல என்னைவிட வயசான சாமான் ஒண்ணுகூட இல்லயே," என்று ஒருநாள் பெருமூச்சு விட்டாள்.

"ஏன், நான் இல்லயா?" என்றார் லாசர். அவளைவிடப் பதினொரு வயது மூத்தவர்.

சிரிப்புக்குச் சொன்னாலும் அவள் மனசில் அது உண்மையான குறை. பிறந்த வீட்டில் பார்த்த பெரிய மேசை, தலைக்குமேல் சிலுவை செதுக்கின கட்டில், இழுத்தால் கொய்யாப்பழ வாசம் அடிக்கிற இழுப்பறை, எல்லாம் அண்ணன் தம்பிகள் பாகம் பிரித்ததில் திசைக்கொன்றாய்ப் போயிருந்தன. பெரிய கடைக்குப் போய்ப் பழமையான சாமான் என்று கேட்டால் விலையைக் கேட்டே மயக்கம் வரும். அதனால் அவள் ஒரு வழி கண்டுபிடித்தாள். புதன்கிழமை தோறும் சகாய மாதா நவநாள் முடிந்ததும், முக்காடு எடுக்காமலே, சாகுல் பாய் வைத்திருந்த பழைய சாமான் கடைக்குப் போவாள். இடித்த வீட்டுக் கதவும் உடைத்த கப்பல் நாற்காலியும் ஒன்றன்மேல் ஒன்றாய்க் கிடக்கும் பெரிய கொட்டகை அது. மினுக்கமாய் இருப்பதையெல்லாம் ஓட்டல்காரர்கள் எடுத்துப்போவார்கள். பெயிண்டு அப்பி, கால் ஒடிந்து, மூலையில் கிடப்பதை யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். கிளமென்சிக்கு அதுதான் வேண்டும். நகத்தால் ஓரத்தை அழுத்துவாள். மாவாய் உள்ளே போனால் செல் அரித்தது, வேண்டாம். விரல் முட்டியால் தட்டுவாள். சத்தம் திரும்பி வந்தால் நல்ல மரம். கடைசியாகக் குனிந்து முகர்ந்து பார்ப்பாள். இப்படி ஒரு முக்காலி, ஒரு கண்ணாடிச் சட்டம், ஒரு சாய்வு நாற்காலி மூன்றையும் மீட்டுக் கொண்டுவந்து, உப்புத்தாளால் தேய்த்து, எண்ணெய் காட்டி, புதுப்பெண்ணை உட்காரவைப்பது போல வைத்திருந்தாள்.

அந்த அலமாரியைப் பார்த்தது ஒரு ஆவணி மாசப் புதன்கிழமை.

"பாய், இது என்ன, கோழிக்கூடா?"

"சாப்பாட்டு அலமாரிம்மா. கம்பி வலை போட்ட கதவு பாத்தியா? காத்துப் போகும், பூனை போகாது. அந்தக் காலத்துச் சாமான்."

"எந்தக் காலத்துலயாவது ஒருத்தர் இதைக் கழுவினாவளா?"

"உன் வாய்க்குத் தனியா ஒரு பூட்டு போடணும், தாயி. மணப்பாட்டுப் பக்கம் ஒரு வீடு இடிச்சப்போ வந்தது. ரெண்டு வருஷமாக் கெடக்கு. நீ எடுத்தா ஆயிரத்தெண்ணூறு. எறும்புக் கிண்ணம் நாலும் சும்மா தாரேன்."

அலமாரியின் நாலு காலுக்கும் நாலு பீங்கான் கிண்ணம். காலைக் கிண்ணத்தில் நிறுத்தி, சுற்றிலும் தண்ணீர் ஊற்றி வைத்தால் எறும்பு ஏறாது. ஒரு கிண்ணத்திலும் விரிசல் இல்லை. அந்தக் கிண்ணங்களுக்காகவே கிளமென்சி வாங்கிவிட்டாள்.

ஒன்பது நாள் சுரண்டினாள். பட்டி வைக்கிற தகட்டால் பெயிண்டை உரிக்க உரிக்க, ஒன்றுக்குக் கீழே ஒன்றாய் ஏழு பூச்சு வந்தது. நம் கடற்கரை வீடுகளில் ஒரு வழக்கம் உண்டே, கிறிஸ்துமஸுக்கு முன்னால் தோணிக்கோ வள்ளத்துக்கோ அடித்ததில் மிச்சம் இருக்கிற பெயிண்டை வீணாக்காமல் வீட்டு அலமாரிக்கு அடித்துவிடுவார்களே, அந்த மிச்சங்கள்தான் எல்லாம். மேலே சாம்பல் நிறம், அது யாரோ சலித்துப்போய் அடித்தது. அதற்குக் கீழே கடல் நீலம் இரண்டு பூச்சு, அது மீன்பாடு நன்றாக இருந்த வருஷங்கள். அப்புறம் ஒரு பச்சை. பச்சைக்குக் கீழே ரோஸ் நிறம் மெல்லிசாய் ஒரே ஒரு பூச்சு. அதைப் பார்த்ததும் அந்த வீட்டில் அந்த வருஷம் ஒரு பெண்ணுக்குக் கல்யாணம் என்று கிளமென்சிக்குப் பட்டது. யாரென்று தெரியாத அந்தப் பெண்ணுக்காக ஒரு அருள்நிறை மந்திரம் சொல்லிவிட்டுத்தான் அந்த நிறத்தைச் சுரண்டினாள். அப்புறம் மஞ்சள், அப்புறம் காவி, அதற்கும் கீழே மரம்.

மரம் வந்ததும் லாசர் குனிந்து பார்த்தார். "ஏய், இது வீட்டு மரம் மாதிரி இல்லையே. பாரு, சாண் சாணுக்கு ஆணி அடிச்சு, ஆணியப் பிடுங்கி, முளை வச்சு அடைச்சுருக்கு."

"யாரோ பழைய மரத்துல செஞ்சுருக்காவ. பழசுக்கும் ஒரு பழசு உண்டுல்லா," என்றாள் கிளமென்சி.

எல்லாப் பக்கமும் சுரண்டினவள் முதுகுப் பலகையை மட்டும் விட்டுவிட்டாள். தோள்பட்டை இற்றுப்போயிருந்தது. சுவரைப் பார்த்து நிற்கப்போகிற முதுகை யார் பார்க்கப்போகிறார்கள்? சாம்பல் நிறத்தோடு அப்படியே இருக்கட்டும் என்று விட்டாள். பழைய சாமான் சீர்படுத்துகிற எல்லாரும் செய்கிற சோம்பல்தான் அது.

சுரண்டின மரம் வறண்டு, வெளுத்து, தாகத்தோடு இருந்தது. ஆளி விதை எண்ணெய் ஒரு லிட்டர் என்ன விலை என்று கேட்டுவந்து வாசலில் புலம்பிக்கொண்டிருந்தபோதுதான் அமலோற்பவம் மாமி வந்தாள்.

அமலோற்பவத்தைப் பற்றி இங்கே சொல்லியாகவேண்டும். அதே சந்தில் கடைசி வீடு. வயது அறுபத்தெட்டு. அவள் புருஷன் கஸ்பார், சந்தன மாதா என்கிற தோணிக்குத் தண்டல்; கப்பலுக்குக் கேப்டன் போல, தோணிக்குத் தண்டல். முப்பத்து நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு ஐப்பசியில், சின்ன வெங்காயம் ஏற்றிக்கொண்டு ஆறு பேரோடு கொழும்புக்குப் போனார். தோணி கொழும்புக்கும் போகவில்லை, திரும்பியும் வரவில்லை. ஒரு பலகை, ஒரு கயிறு, ஒரு துண்டுப் பாய்கூடக் கரை ஒதுங்கவில்லை. மற்ற ஆறு வீட்டிலும் அழுது முடித்து, ஆத்தும பூசை வைத்து, பிள்ளைகளுக்குக் கல்யாணம் காட்சி பார்த்துவிட்டார்கள். அமலோற்பவம் மட்டும் பூசை வைக்கவில்லை. கார்த்திகை பிறக்குமுன்னே, நவம்பர் மாசத்துக்கென்று கோயிலில் ஒரு பெட்டி வைப்பார்கள். இறந்துபோன நம் சொந்தங்களின் பேரைச் சீட்டில் எழுதி அதில் போட்டால் மாசம் முழுக்க அந்தப் பேர்களுக்காக வேண்டுவார்கள். முப்பத்து நாலு நவம்பர் வந்து போயிற்று. அந்தப் பெட்டியில் கஸ்பார் பேர் விழுந்ததில்லை. "கண்ணால ஒரு மரச்சிலும்பு பாக்காம எப்படி எழுதுவேன்?" என்பாள். தாலியும் கழுத்தில்தான் இருந்தது.

அந்த அமலோற்பவம்தான் அன்றைக்குச் சொன்னாள்: "ஏட்டி கிளமென்சி, எண்ணெய்க்கா அழுத? என்கிட்ட ரெண்டு புட்டி சுறா எண்ணெய் கெடக்கு. அவிய தோணிக்கு அடிச்சதுல மிச்சம்."

"தோணிக்கு அடிக்கிறதை அலமாரிக்கு அடிக்கலாமா, மாமி?"

"மரம் மரந்தானட்டி. அதுக்குத் தண்ணி வேற, தரை வேறன்னு தெரியுமா?"

கிளமென்சியும் கடற்கரையில் பிறந்தவள்தானே. அவள் அப்பா வள்ளத்துக்குச் சுறா எண்ணெய் அடிப்பதைப் பார்த்து வளர்ந்தவள். வேறு எந்த ஊர்க்காரியும் இந்தக் காரியத்தைச் செய்திருக்கமாட்டாள். இவள் செய்தாள். துணியில் தொட்டுத் தடவத் தடவ, மரம் மடக்மடக்கென்று குடித்தது. இரண்டு புட்டியும் ஒரே மத்தியானத்தில் காலி. மரம் கறுத்து, பளபளத்து, கஞ்சி குடித்த பிள்ளை போலத் தெளிந்து நின்றது. நாற்றம் மட்டும் பதிமூன்று நாள் போகவில்லை. லாசர் மொட்டைமாடியில் போய்ப் படுத்துக்கொண்டார். சந்துப் பூனைகளெல்லாம் வாசலில் வரிசையாக வந்து உட்கார்ந்தன.

நாற்றம் அடங்கின பதினாலாம் நாள், அலமாரியை நடு அறையில் சுவரோடு நிறுத்தி, நாலு கிண்ணத்திலும் குழாய்த் தண்ணீர் ஊற்றி வைத்தாள். மறுநாள் காலையில் பார்த்தால் கிண்ணங்களில் அரை விரல் தண்ணீர்தான் கிடந்தது. வெயிலுக்கு வற்றியிருக்கும் என்று நினைத்தாள். மத்தியானம் சோறு வடிக்கும்போது பார்த்தால் நாலும் விளிம்பைத் தொட்டு நின்றன. சாயங்காலம் மறுபடி இறங்கின. விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாள். உப்பு.

லாசர் துறைமுகத்தில் முப்பது வருஷம் இருந்தவர். கடிகாரத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரு நாள் முழுக்கக் குனிந்து பார்த்தார். "சரியாத்தான் இருக்கு. ஒரு நாளைக்கு ரெண்டு ஏற்றம், ரெண்டு வற்றம். தினம் முக்கால் மணி நேரம் பிந்தி வருது. நம்ம கடல்தான்," என்று சொல்லிவிட்டுக் காப்பி கேட்டார்.

ஏற்றம் வரும்போது தண்ணீர் விளிம்பைத் தாண்டாது, விளிம்பில் வந்து மரியாதையாக நின்றுகொள்ளும் என்பதால், தரை நனையாமல் இருந்ததே கிளமென்சிக்குப் பெரிய நிம்மதி. மற்றபடி அலமாரி அலமாரியாகத்தான் இருந்தது. மேல்தட்டில் சோறு, நடுத்தட்டில் குழம்பு, கீழ்த்தட்டில் ஊறுகாய் ஜாடி. எறும்பும் ஏறவில்லை.

சந்துக்குச் செய்தி போக எவ்வளவு நேரம் ஆகும்? முதலில் வந்தவர்கள் சங்கு குளிக்கிறவர்கள். கடலடி கலங்கிக் கிடந்தால் அவர்களுக்கு அன்றைக்குத் தொழில் இல்லை. வீணாய் டீசல் செலவழித்துப் போய்த் திரும்பவேண்டும். கிண்ணத்துத் தண்ணீர் ஒருநாள் பளிங்காக இருப்பதையும் ஒருநாள் கலங்கி இருப்பதையும் அவர்களில் ஒருவன் பார்த்துவிட்டான். அதிலிருந்து விடிந்ததும் ஜன்னலில் தலை தெரியும். "யக்கா, கிண்ணம் தெளிஞ்சிருக்கா?" "முன்னால, தெக்கப் பாத்த ரெண்டும் தெளிவு. பின்னால கொஞ்சம் கலக்கல்." "அப்போ தெக்காமப் போறோம்க்கா." அவ்வளவுதான் பேச்சு. போகிற வழியில் அவள் வாசலில் ஒரு பொட்டலம் மீன் வைத்துவிட்டுப் போவார்கள். பிறகு, வயிற்றுப்பிள்ளைக்காரி ஒருத்தியை அவள் மாமியார் கூட்டி வந்தாள். ஏற்றத்தில் பிள்ளை பிறந்தால் நல்லது என்று அந்த வீட்டில் நம்பிக்கை. கிண்ணத்தைப் பார்த்து ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினார்கள். பங்குச் சாமியார் ஒருநாள் வந்து, கண்ணாடியை மூக்கில் ஏற்றிப் பார்த்து, "கர்த்தர் பெரிய பெரிய காரியமெல்லாம் செய்கிறார், இது சின்னதுதானே," என்று மந்திரித்துவிட்டுப் போனார்.

கொசு ஒழிப்புக்கு வீடு வீடாக வருகிற மாரிச்செல்விதான் கொஞ்சம் சிரமப்பட்டுப் போனாள். டார்ச் அடித்துப் பார்த்து, "என்னம்மா இது, நாலு கிண்ணத்துல தண்ணி தேக்கி வச்சிருக்கீய? கொட்டுங்க," என்றாள்.

"தேங்கல, தாயி. அது வந்து போகுது."

"எங்க போகுது?"

"உக்காந்து பாரு."

மாரிச்செல்வி பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, கொடுத்த டீயைக் குடித்துக்கொண்டு முக்கால் மணி நேரம் பார்த்தாள். தண்ணீர் அவள் கண்ணெதிரே ஒரு விரல் இறங்கிற்று. கதவுக்குப் பின்னால் ஒட்டியிருந்த அட்டையில் 'தேங்கிய நீர்' என்ற கட்டத்தில் 'இல்லை' என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, அடுத்த வீட்டுக்குப் போனாள்.

அமலோற்பவம் மட்டும் எதுவும் கேட்கவில்லை. முதல் நாளே வந்தாள். விரலை நனைத்து நாக்கில் வைத்தாள். அப்புறம் தினமும் காலைப் பூசை முடிந்து வந்து, அந்தப் பழைய முக்காலியை அலமாரிப் பக்கத்தில் இழுத்துப் போட்டு, ஏற்றம் வந்து இறங்குகிற வரைக்கும் உட்கார்ந்திருப்பாள். சில நாள் கீரை ஆய்வாள், சில நாள் சும்மா. பேச்சும் அதிகம் கிடையாது. தண்ணீர் இறங்கினதும் எழுந்து, "வாறேன்ட்டி" என்று சொல்லிவிட்டுப் போவாள். அலமாரியிடம்தான் சொல்லுகிறாளோ என்று கிளமென்சிக்குச் சந்தேகம் வரும்.

புரட்டாசி பாதியில் ஒருநாள், வீடு பெருக்கும்போது, அலமாரிக்குப் பின்னால் சாம்பல் நிறப் பெயிண்டு உதிர்ந்து கிடந்தது. உப்புத் தண்ணீரின் ஈரம் ஏறி முதுகுப் பலகை பெயிண்டைத் தானே தள்ளிவிட்டிருந்தது. கிளமென்சி கன்னத்தைச் சுவரில் ஒட்டிவைத்து, டார்ச் அடித்து உள்ளே பார்த்தாள். கீழிருந்து இரண்டாம் பலகையில் உளியால் வெட்டின எழுத்து. முதல் எழுத்து பலகையை அறுத்ததில் போயிருந்தது. மிச்சம் இருந்தது: 'ந்தன மாதா'.

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். இந்தக் கரையில் ஒதுங்காத பலகை மணப்பாட்டுக் கரையில் ஒதுங்கி, யாரோ எடுத்து அலமாரி செய்திருக்கிறார்கள். அந்தத் தோணி போனபோது அவளுக்குப் பதின்மூன்று வயது. கடற்கரையில் பெண்களெல்லாம் நாலு நாள் நின்றது அவளுக்கு ஞாபகம் இருந்தது. ஒரு சிலும்பு பார்க்கவேண்டும் என்று முப்பத்து நாலு வருஷம் காத்திருக்கிறவள் இதோ இன்னும் பத்து நிமிஷத்தில் இந்த வாசலுக்கு வந்துவிடுவாள். காட்டினால், அவள் கழுத்துத் தாலி இறங்கும். இத்தனை வருஷம் ஒரு ஆளை உயிரோடு வைத்திருந்த அந்த ஒரு வார்த்தை அவள் வாயிலிருந்து போய்விடும். காட்டாவிட்டால், அவளுடைய புருஷனை நாம் சோற்றுப்பானைக்குக் கீழே ஒளித்துவைத்த மாதிரி.

கிளமென்சி எழுந்து, தோளைக் கொடுத்து, அலமாரியைச் சுவரோடு சுவராகத் தள்ளினாள். ஒரு காகிதம்கூட நுழையாதபடிக்கு.

"என்னட்டி, மூச்சு வாங்குது?" என்று கேட்டுக்கொண்டே வந்தாள் அமலோற்பவம்.

"பெருக்கினேன், மாமி."

அன்றையிலிருந்து கிளமென்சிக்கு ஜெபமாலை ஓடவில்லை. எத்தனை முறை ஆரம்பித்தாலும் பத்துப் பத்து மணியாக உருட்டுகிறதில் மூன்றாம் பத்துக்கு வரும்போது விரல் மணியிலேயே நின்றுவிடும். மனசு அலமாரிக்குப் பின்னால் போய்விடும். லாசரிடம் சொன்னாள். லாசர், "உன் சாமான், உன் முடிவு. ஆனா அந்தக் கிழவி முகத்தைப் பாத்தா எனக்குச் சோறு இறங்கல," என்றார். சாமியாரிடம் போய்ச் சொன்னாள். அவர் நெடுநேரம் கேட்டுவிட்டு, "எனக்குச் சொல்லிட்டே, சரி. சொல்லவேண்டியவளுக்கு எப்போ சொல்லப்போற?" என்றார். அவளுக்கும் தெரியாதா? ஆனால் ஒவ்வொரு நாளும் அமலோற்பவம் முக்காலியில் உட்கார்ந்து, ஏற்றம் வரும்போது கொஞ்சம் முன்னால் சாய்ந்து, இறங்கும்போது கொஞ்சம் பின்னால் சாய்ந்து இருக்கிற அந்த அமைதியைப் பார்க்கும்போது, வாய் திறக்க வராது. நாளைக்கு, நாளைக்கு என்று ஐப்பசி வந்துவிட்டது.

கோயிலில் பெட்டி வைத்த ஞாயிற்றுக்கிழமை, வாடைக்காற்று தொடங்கிற்று. திங்கட்கிழமை காலையில் ஏற்றம் வந்தபோது, முன்னங்கால் கிண்ணத்தில் என்னவோ சிவப்பாக மிதந்தது. கிளமென்சி எடுத்துப் பார்த்தாள். சின்ன வெங்காயத் தோல். தன் அடுப்படியிலிருந்து பறந்து விழுந்திருக்கும் என்று தூரப் போட்டாள். திரும்பினால் இன்னொன்று. அப்புறம் நாலு கிண்ணத்திலும், மெல்லிசாக, சுருண்டு, காலை வெளிச்சம் பட்டு ரோஸ் நிறத்தில், தோல்தோலாக வந்து விளிம்பில் ஒதுங்கிக்கொண்டே இருந்தது. வீட்டில் அன்றைக்கு ஒரு வெங்காயம்கூட உரிக்கவில்லை.

அமலோற்பவம் வாசலில் நின்றிருந்தாள்.

இனி ஒளிக்க முடியாது என்பதற்காக இல்லை. அந்தத் தோல்களைப் பார்த்ததும் கிளமென்சிக்கு இத்தனை நாள் கனத்த கை லேசாகிவிட்டது. "இந்தாருங்க, இங்கன வந்து ஒரு கை பிடிங்க," என்று லாசரைக் கூப்பிட்டாள். சோற்றையும் குழம்பையும் ஜாடியையும் எடுத்துத் தரையில் வைத்தாள். இரண்டு பேருமாக அலமாரியைக் கிண்ணத்திலிருந்து தூக்கி, நடு அறையில் முதுகு தெரியத் திருப்பி வைத்தார்கள்.

"மாமி, புரட்டாசியிலயே பாத்துட்டேன். சொல்ல வாய் வரல. என்னை மன்னிச்சிருங்க."

அமலோற்பவம் கிட்டே வந்தாள். கண்ணாடி கொண்டுவரவில்லை. விரலால் வாசித்தாள். ஒவ்வொரு எழுத்தின் பள்ளத்திலும் விரல் போய் வந்தது. பலகை அறுபட்ட இடத்தில் நின்று, இல்லாத முதல் எழுத்தைக் காற்றில் எழுதினாள்.

"எனக்கு அப்பவே தெரியும்ட்டி," என்றாள்.

"எப்போ, மாமி?"

"நீ எண்ணெய் போட்ட அன்னைக்கு. வாசல்ல நின்னு பாத்தேன்லா, அது குடிச்ச வேகத்தை. அவிய தோணியத் தவிர வேற எந்த மரமும் அந்த எண்ணெயை அப்படிக் குடிக்காது."

கிளமென்சிக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தது. "பெறகு ஏன் மாமி ஒரு வார்த்த கேக்கல? நான் இங்கன ஜெபம் ஓடாமச் செத்துட்டு இருந்தேனே!"

"கேட்டா நீ காட்டுவ. காட்டினா நான் அழணும். அழுதுட்டா முடிஞ்சு போச்சுல்லா." அமலோற்பவம் முக்காலியில் உட்கார்ந்தாள். "கல்யாணமாகி ஒம்பது வருஷம், எந்நேரமும் கடல்ல. வீட்டுல இருந்த நாளையெல்லாம் கூட்டிப் பாத்தா ஒரு வருஷம் தேறாது. இந்த ரெண்டு மாசந்தான்ட்டி அவிய பக்கத்துல நான் நிம்மதியா உக்காந்து கீரை ஆஞ்சது."

லாசர் திரும்பிக்கொண்டு ஜன்னல் பக்கம் போய்விட்டார்.

அவள் ஒரு வெங்காயத் தோலை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். "சரக்கு வந்து சேந்துட்டு. இனி ஆளை எறக்கணும்," என்றாள். சொல்லிவிட்டுத்தான் அழுதாள். ஒரே அழுகை. மற்ற ஆறு வீட்டுப் பெண்களும் முப்பத்து நாலு வருஷத்துக்கு முன்னால் அழுது முடித்ததை இவள் ஒருத்தி அன்றைக்கு ஒரு காலையில் அழுதாள். சந்தே வாசலில் வந்து நின்றது. யாரும் அடக்கவில்லை.

"அலமாரிய எடுத்துக்கிடுங்க, மாமி," என்றாள் கிளமென்சி. மனசாரத்தான் சொன்னாள். ஆனாலும் சொல்லும்போது அவள் கை தன்னை அறியாமல் அலமாரிக் கதவின் பித்தளைக் குமிழைப் பிடித்துக்கொண்டிருந்தது. புளி போட்டுத் தேய்த்துத் தேய்த்து அவள் பொன்னாக்கின குமிழ்.

அமலோற்பவம் அந்தக் கையைப் பார்த்தாள். மூக்கைத் துடைத்துக்கொண்டு, "அதைக் கொண்டுபோய் நான் எங்கன வைப்பேன்? என் வீட்டு வாசல்ல நுழையாது. பேர் வெட்டின பலகை ஒண்ணு போதும்," என்றாள்.

கல்லறைத் திருநாள் அன்று அந்தப் பலகையை வெள்ளைத் துணியில் சுற்றி, மந்திரித்து, கல்லறைத் தோட்டத்தில் மண்ணுக்குக் கொடுத்தார்கள். ஆள் நீளம் இல்லை; ஒரு பிள்ளை நீளம்தான். ஆனாலும் தூக்க நாலு பேர் வந்தார்கள். பழைய ஆறு வீட்டிலிருந்தும் மக்களும் பேரப்பிள்ளைகளும் மெழுகுவர்த்தியோடு வந்து நின்றார்கள். சங்கு குளிக்கிறவர்கள் அன்றைக்குக் கடலுக்குப் போகவில்லை. பேரைச் சீட்டில் எழுதிப் பெட்டியில் போட்டது அமலோற்பவம்தான்.

பலகை எடுத்த ஓட்டை அலமாரி முதுகில் தெரிந்தது. மறுநாள் அமலோற்பவம் ஒரு பலகையோடு வந்தாள். அவள் கட்டிலில், கஸ்பார் படுக்கிற பக்கத்துப் பலகை. லாசர் அளந்து, அறுத்து, வைத்து அடித்தார். நிறம் கொஞ்சம் வெளுப்பு. சேரவில்லை. கிளமென்சி அதற்கு எண்ணெயும் போடவில்லை, நிறமும் ஏற்றவில்லை. அப்படியே இருக்கட்டும் என்று விட்டாள்.

அலமாரியைத் திரும்ப நிறுத்தினபிறகு கிண்ணங்களில் ஊற்றின தண்ணீர் ஏறாமல் இறங்காமல் ஊற்றினபடி நின்றது. காலையில் சங்குக்காரர்கள் ஜன்னலுக்கு வந்தார்கள். "யக்கா, கிண்ணம்…" என்று வழக்கத்தில் ஆரம்பித்து, நிறுத்தி, தலையைச் சொறிந்துகொண்டு போனார்கள். அதற்கு அடுத்த வாரம் மாரிச்செல்வி வந்தாள். டார்ச் அடித்தாள். குனிந்தாள். "யம்மா, என்னம்மா இது! புழு நெளியுது. போன தடவை என்னமோ வந்து போகுதுன்னு சொன்னீய?"

"போயிட்டு தாயி," என்றாள் கிளமென்சி.

மாரிச்செல்வி நாலு கிண்ணத்தையும் வாசலில் கொண்டுபோய்க் கொட்டி, அட்டையில் 'உண்டு' என்று எழுதி, இனிமேல் இரண்டு சொட்டு மண்ணெண்ணெய் விட்டு வையுங்கள் என்று திட்டிவிட்டுப் போனாள். கொட்டின இடத்தில் மண் ஈரமாகி, கொஞ்ச நேரத்தில் காய்ந்துவிட்டது. அன்றைக்குச் சாயங்காலம் கிளமென்சி ஜெபமாலை எடுத்தாள். மூன்றாம் பத்தும் தாண்டி, கடைசி வரைக்கும் போயிற்று. பக்கத்தில் முக்காலியில் அமலோற்பவம் பதில் சொன்னாள். முடிந்ததும், கொண்டுவந்திருந்த மீன்குழம்புச் சட்டியை அலமாரியின் நடுத்தட்டில் வைத்து, வலைக்கதவைச் சாத்தினாள்.

இவ்வளவுதான் சலேத்து எனக்குச் சொன்னது. அலமாரி இன்னும் அந்த வீட்டில் இருக்கிறது. நான் போய்ப் பார்த்தேன், குமிழைத் தொட்டும் பார்த்தேன்.

நீங்களும் வீட்டுக்கென்று எங்கேயாவது பழைய சாமான் ஒன்று வாங்கினால், எனக்காக ஒரு காரியம் செய்யுங்கள். சுரண்ட ஆரம்பிக்குமுன்னே ஒருதரம் திருப்பி முதுகைப் பாருங்கள். ஏதாவது பேர் இருந்தால், வாய்விட்டு ஒருமுறை வாசியுங்கள்.